வாஷர் தாத்தா நேரில் பார்த்த நிலா

வாஷர் தாத்தாவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. ஓட்டுப் போடப் போகும்போது மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் வாஷர்தான். சின்ன வயதிலேயே குழாய் வேலைக்குப் போனவர். எங்கே எது ஒழுகினாலும், கிட்டே போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே "வாஷர் போயிருக்கும்" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். வயது ஏற ஏற வாஷர் தம்பி, வாஷர் அண்ணன், வாஷர் மாமா என்று வால் மாறிக்கொண்டே வந்து, பேத்தி பிறந்ததும் தாத்தாவில் வந்து நின்றது.

அவருக்கு ஒரு கூட்டாளி, எலக்ட்ரீஷியன். அவர் பேர் ஃப்யூஸ். ஒருவர் குழாய்க்காகச் சுவரைக் கொத்தினால் மற்றவர் பக்கத்திலேயே வயருக்குக் கொத்துவார். சேர்ந்தே வேலை எடுப்பார்கள், சேர்ந்தே சாப்பிடுவார்கள், யார் முதலில் கொத்துவது என்று சேர்ந்தே சண்டை போடுவார்கள். இப்போது இரண்டு பேருமே வேலையை விட்டாயிற்று. ஒரே அடுக்குமாடிக் கட்டிடத்தில் வாஷர் தாத்தா மகன் வீட்டில் இரண்டாவது மாடியிலும், ஃப்யூஸ் மகள் வீட்டில் கீழ்த்தளத்திலும் இருந்தார்கள். சண்டைக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது பேத்திதான் பேச்சை ஆரம்பித்தாள். கல்லூரியில் படிக்கிறவள். நிலாவின் தென்கோடியில் ஆளில்லாத வண்டி ஒன்று அடுத்த வாரம் இறங்கப் போகிறது, கீழே ஹாலில் பெரிய திரை கட்டி எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசி வைத்திருந்தாள். அப்படியே தாத்தா பக்கம் திரும்பி, உங்கள் காலத்தில் உலகத்தில் எவ்வளவோ நடந்திருக்கிறதே, எதையெல்லாம் நடக்கும்போதே பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

தாத்தா தட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே சிரிப்பு வந்தது.

"ஒண்ணுகூடப் பார்க்கலம்மா" என்றார்.

உண்மையும் அதுதான். நிலாவில் முதன்முதலாக மனிதன் கால் வைத்த அன்று அவர் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தார். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. தொட்டி கழுவ மேஸ்திரி இறக்கிவிட்டிருந்தார். கீழே தெருவில் ரேடியோக் கடை முன்னால் ஊரே கூடி நின்றது. திடீரென்று ஓவென்று ஒரு சத்தம். ஒரு மாதமாகத் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்த சமயம் அது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அதுதான் சந்தோஷத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்து இவரும் தொட்டிக்குள் நின்றபடியே கத்தினார். அந்தக் கத்தல் தொட்டிக்குள் எதிரொலித்து அரை நாள் காது அடைத்துப்போனது. ஃப்யூஸோ அந்த நேரம் ரேடியோக் கடைக்குள்ளேயே, ரேடியோவுக்கு ஒரு கை தூரத்தில், ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விட்டால் நிலாவே விட்டுப்போகும் என்பதுபோல.

வேலை அப்படி அமைந்துவிட்டது. டிவி வந்த காலத்தில் ஃப்யூஸ் வீடு வீடாக ஆன்டெனா கட்டினார். கட்டி முடித்தபின் படம் சரியாக வருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் மூன்று மணி நேரம்கூடச் செய்வார். வாஷருடைய இடம் எப்போதும் வீட்டின் பின்பக்கம், சிங்க்குக்கு அடியில். உலகத்தில் என்ன நடந்தாலும் அவருக்குத் தெரிந்ததெல்லாம் டிவி முன்னால் நிற்கிறவர்களின் கால்கள்தான். மீதியை அப்புறம் ஃப்யூஸ் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கோ ஒரு நகரத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்த பெரிய சுவரை மக்களே இடித்துத் தள்ளிய நாளில், இவர் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறையில் கசிவு எங்கே என்று தேடிச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஓடி வந்து, "அங்க சுவரை இடிக்கிறாங்களாம், வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். இவர் நிமிராமலேயே, "இங்கயும் அதைத்தானே பண்றேன்" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் அந்தப் புண்ணியவதி சிரித்த சிரிப்பு அவருக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தபோது கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும், மோட்டாரும் நின்றுபோகும் என்று பயந்து ஒரு பெரிய ஓட்டலில் இவரைப் பம்பு அறையில் உட்கார வைத்தார்கள். எதுவும் நிற்கவில்லை. மொட்டைமாடியில் வாணவேடிக்கை நடந்தது. இவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே புது நூற்றாண்டுக்குள் நுழைந்தார்.

ஒரே ஒரு நாள் மட்டும் பார்க்காமல் போனதில் அவருக்கு வருத்தமில்லை. இரண்டு உயரமான கட்டிடங்களில் விமானங்கள் வந்து மோதிய நாள் அது. ஈரக் கையோடு முன்னறைக்கு வந்து துண்டு கேட்டார். ஒருவரும் திரும்பவில்லை. வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததே போதும் என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அந்தப் பெருந்தொற்று. அதை மட்டும் யாரும் தவறவிட முடியாது. உலகமே விடாமல் கை கழுவிய வருஷம். குழாய்களெல்லாம் திருகித் திருகித் தேய்ந்துபோயின. வேலையை விட்டிருந்தவரைக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிக் கூப்பிட்டார்கள். எல்லாரும் கை கழுவினாலும் என்னை யாரும் கை கழுவவில்லை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இதையெல்லாம் கேட்டு மகனும் மருமகளும் சிரித்தார்கள். பேத்தி சிரிக்கவில்லை. இந்தத் தடவை முதல் வரிசையில் நடு நாற்காலி தாத்தாவுக்குத்தான், வேறு யாரும் உட்காரக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் போட்டுவிட்டாள். தாத்தாவும் விளையாட்டாகத்தான் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து அந்த நாற்காலி அவர் மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாளே முடிவெட்டிக்கொண்டார். அந்த நாள் வரை யார் வீட்டில் குழாய் உடைந்தாலும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று வாட்ச்மேன் மூலம் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

விஷயம் ஃப்யூஸ் காதுக்கும் போனது. அவர் விடுவாரா? "நீ உட்கார்ந்தா அந்த வண்டி இறங்கவே இறங்காதுடா. உன் ராசி அப்படி" என்றார். திரை கட்டுகிற வேலை, புரொஜெக்டருக்குக் கரண்ட் கொடுக்கிற வேலை எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நாள் வந்தது. மத்தியானம் முழுக்க ஹாலில் டிரில்லர் சத்தம் கேட்டது. வெள்ளைத் திரைத் துணியை மாட்ட நாலு இடத்தில் துளை போட்டு ஆணி அடித்தார். அந்தச் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க வேண்டிய ஆள் இரண்டாவது மாடியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஹால் நிரம்பிவிட்டது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். வாஷர் தாத்தா நடு நாற்காலியில் இரண்டு கையையும் கைப்பிடியில் வைத்து, கல்யாண மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பேத்தி, மறுபக்கம் சங்கத் தலைவி. ஃப்யூஸ் புரொஜெக்டர் மேசை பக்கத்தில் நின்று, இந்த ஹாலில் வெளிச்சம் இருப்பதே தன் தயவில்தான் என்பதுபோல எல்லாரையும் பார்த்தார்.

திரையில் கட்டுப்பாட்டு அறை தெரிந்தது. வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் ஆட்கள். ஒரு மூலையில் வளைகோடு ஒன்று, அதில் மெல்லக் கீழே இறங்குகிற ஒரு புள்ளி. பக்கத்தில் சாம்பல் நிற நிலா, அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல.

தாத்தாதான் முதலில் பார்த்தார். நிலாவின் மேல் ஓரத்தில் கருப்பாக ஒரு ஈரம் படர்ந்தது. அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆணி குழாயில் இறங்கியிருக்கிறது. இவ்வளவு நேரம் ஆணியே அடைத்துக்கொண்டிருந்தது, இப்போது துணியின் கனத்தில் ஆடி இளகிவிட்டது. ஈரம் நிலாவில் பாதியை மூடி, ஓரமாக வழிந்து, சொட்ட ஆரம்பித்தது.

ஃப்யூஸ் தன் வேலையின் விளைவு என்று தெரியாமல், "பார்த்தீங்களா, நிலாவுல தண்ணி இருக்குன்னு சொன்னாங்கல்ல" என்றார். ஹாலே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் ஆணி தெறித்து விழுந்தது. தண்ணீர் சுவரிலிருந்து பீய்ச்சி அடித்தது.

அத்தனை பேரும் தாத்தாவைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் ஐம்பது வருஷமாக அவருக்குப் பழகிய பார்வைதான் அது. அவர் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. வால்வு கட்டிடத்தின் பின்பக்கம் இருந்தது. ஓடிப்போய் மூடிவிட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்தது. அவர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார், ஒரு கணம் புள்ளியைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க. காலைத் தூக்கிக்குங்க" என்றார். "தண்ணி எங்கயும் ஓடிப்போயிடாது. நான் அப்புறமா பார்த்துக்கறேன்."

சங்கத் தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலை நாற்காலிக்கு மேலே மடக்கிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கால்களைத் தூக்கினார்கள். நின்றவர்கள் சன்னல் திண்டில் ஏறினார்கள். கிழிந்த வானம்போல ஒரு பக்கம் தொங்கிய துணியில் புள்ளி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஃப்யூஸுக்கு உயிரே போனது. புரொஜெக்டருக்குக் கரண்ட் கொடுத்த நீள வயரும் அதன் பிளக் பலகையும் தரையில்தான் கிடந்தன. தண்ணீர் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் படம் போய்விடும். வாஷர் அவரை உயிரோடு விடமாட்டார். அவர் தண்ணீர் வந்து சேருமுன் மேசைக்கு அடியில் புகுந்து, பலகையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அங்கே கிடந்த மர ஸ்டூல் மேல் தலையை இடித்தபடி ஏறிக் குந்திக்கொண்டார். மேசை விரிப்பு முகத்துக்கு முன்னால் தொங்கியது. திரை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் நாற்காலிக் கால்கள்தான்.

இறங்க இன்னும் கொஞ்சம் தூரம்தான் என்று திரையில் சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறையில் நரைத்த தலை அம்மா ஒருவர் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துக்கொண்டே இருந்தார். தாத்தாவுக்கு அந்தத் தேய்ப்பு நன்றாகத் தெரியும். புதுக் கட்டிடத்தில் குழாயெல்லாம் பூட்டி முடித்து, கீழே வால்வைத் திறந்துவிட்டு, மேல்மாடிக் குழாய் முன்னால் போய் நிற்கும்போது அவரும் அப்படித்தான் தேய்ப்பார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும், எங்கே வருகிறதென்று தெரியாது, செய்வதற்கு ஒன்றும் இருக்காது. குழாய் முதலில் ஒரு இருமல் இருமும். அந்த இருமலுக்காகத்தான் காத்திருப்பது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

புள்ளி நின்றது. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் எழுந்தார், அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹாலில் எழுந்த சத்தத்தில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காலைத் தூக்கி வைத்திருந்தவர்கள் மறந்துபோய்த் தண்ணீரில் குதித்தார்கள். பேத்தி தாத்தாவைக் கட்டிக்கொண்டாள். தாத்தா கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கன்னத்தில் வழிந்தது சுவர்த் தண்ணீரா கண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை, துடைக்கவும் தோன்றவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் வாஷர், என்னடா ஆச்சு? இறங்கிடுச்சா?"

தாத்தா குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். பலகையைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு ஸ்டூல் மேல் குந்தியிருந்த கூட்டாளியைப் பார்த்ததும் அவருக்கு வந்த சிரிப்பு அடங்கவே இல்லை. ஃப்யூஸ் முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். பேத்தி புரொஜெக்டரை அணைத்து, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் அவர் வெளியே வந்தார். அதற்கப்புறம் தாத்தா பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், பின்பக்கம் போய் வால்வை மூடினார்.

சங்கத் தலைவி ஹால் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மாடியிலிருந்து துடைப்பங்கள் வந்தன. ஆளாளுக்குத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நிலாவைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

மறுநாள் காலையில் இரண்டு கிழவர்களும் ஹாலில் ஆஜர். வேலை செய்ய மாட்டேன் என்றிருந்த வாஷர் தாத்தாவே உளியை எடுத்தார். ஓட்டை விழுந்த இடத்தைக் கொத்தித் திறக்க வேண்டும், குழாயை வெட்டி இணைக்க வேண்டும், மேலே பூச வேண்டும். ஃப்யூஸ் சிமென்ட் குழைத்தார். செய்த வேலைக்குத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அவரே வந்து சட்டியை எடுத்துக்கொண்டார்.

பிறகு மெதுவாக, "இறங்கும்போது எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நேற்றைக்கு ஒளிபரப்பானதை அவர் மகளின் போனில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பேத்திகூட அனுப்பியிருந்தாள். அவர் பார்க்கவில்லை. அது நடந்து முடிந்ததாயிற்றே என்றார்.

வாஷர் தாத்தா உளியைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தார். புள்ளி இறங்கியதைச் சொன்னார். கை தேய்த்த அம்மாவைச் சொன்னார். ஃப்யூஸ் வாயைப் பிளந்து கேட்கக் கேட்க, புள்ளி ஒரு வண்டியாயிற்று. வண்டிக்கு நாலு கால் முளைத்தது.

"தூசி கிளம்புச்சா?"

"கிளம்பாம? ஒரு பனை உயரத்துக்குக் கிளம்புச்சு. அடங்கவே நேரமாச்சு."

திரையில் தூசியும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. ஆனால் ஃப்யூஸ் சிமென்ட் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காதவனுக்கு எடுத்துச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று இந்தப் பயல் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னானா என்று வாஷர் தாத்தாவுக்குக் கோபம்கூட வந்தது. சட்டியில் சிமென்ட் இறுகிக்கொண்டிருந்தது. இருக்கட்டும், இன்னொரு தடவை குழைத்துக்கொள்ளலாம் என்று அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.