ஜெயசீலிக்கு மூன்று மாதம்

ஜெயசீலியின் தாடையில் ஸ்குரூ வைத்து முறுக்கிய கட்டுப்பல் இரண்டாம் முறையாக எதிர்வீட்டுக்குக் குடிபோயிருந்தது. பாளையங்கோட்டையில் இது நடப்பதுதான். எலும்பு வற்றிய தாடைக்கு நீள ஸ்குரூ இறங்காது, குட்டை ஸ்குரூதான் போட வேண்டும். குட்டைகளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. எதிர்வீட்டில் பதினொரு பேர். பல் அங்கே ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் போய்க் கூட்டிவந்தாள்.

பல் டாக்டர் முத்தையா, தாடையில் இன்னும் ஒரு துளைக்குத்தான் எலும்பு மிச்சம் என்றார். அதுவும் போனால், அவளோடு உட்கார்ந்து சாப்பிட வீட்டில் ஒரு பல்கூட இருக்காது. முப்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் ஊரையே பேசவைத்தவளுக்கு இன்று ஹலோ சொல்ல நாதியில்லை.

டாக்டர் வீட்டுக்கே வந்து அறைகளை டேப் வைத்து அளந்தார்.

"தப்பு என் பேர்லதாங்க்கா. ஸ்குரூ அளவுக்கே துளை போட்டுட்டேன். உங்க எலும்பு மெத்துனு இருக்கு, துளை மயிரிழை சின்னதா இருந்தாத்தான் இறுக்கிப் பிடிக்கும். வீடும் அப்படித்தான். ஒரு ஆளுக்கு மூணு ரூம் எதுக்கு?"

"சுருக்கச் சொல்லுதீயளா?"

"உங்க அளவுக்கு ஒரு நூல் கம்மியா."

கொத்தனார் மூன்று நாளில் சுவர்களை உள்ளே தள்ளினார். அதே வாரம் டாக்டரும் துளையைச் சின்னதாகப் போட்டு ஸ்குரூவை முறுக்கி இறக்கினார். ஜெயசீலி ஒருக்களித்து நடந்து அடுப்பங்கரைக்குப் போகப் பழகினாள். இரண்டு தோளிலும் சுவர் உரசியது. பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் போதவில்லை.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் வந்து பல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு அவள் தோளைத் தட்டிப் பார்த்தார்.

"பல்லு கல்லு மாதிரி நிக்கு. நீங்கதான் ஆடுதீய."

"தெரியும் டாக்டர். சாயங்காலம் நாலு மணிக்கு மேல ரொம்ப ஆடுதேன்."

டாக்டர் மருந்துச் சீட்டில் டவுன் பஸ் என்று எழுதினார்.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில், மூன்று பேர் உட்காரும் இருக்கையின் நடுவே, அவள் அளவுக்கு ஒரு நூல் கம்மியாக இடம் விட்டிருந்தார்கள். டாக்டர் அவளைத் தோளைப் பிடித்து அந்த இடைவெளியில் மெதுவாக முறுக்கி இறக்கினார். இந்தப் பக்கம் ஒரு பூக்காரம்மா, அந்தப் பக்கம் தூக்குவாளியோடு ஒருத்தி. இருவரும் அசைந்து கொடுக்கவில்லை.

"சாப்ட்டாச்சா?" என்றாள் பூக்காரம்மா.

ஜெயசீலி இல்லை என்று தலையசைத்தாள். கண்டக்டர் மூன்று மாதத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஸ்குரூவோடு எலும்பு சேர அவ்வளவு ஆகும்.