சுவரை உடைத்த பிறகு வந்த கணக்கு

காலை ஷிப்ட் முடிந்து பேருந்தை டிப்போவில் விட்டதும் யாச்சின் நேராகப் புது வீட்டுக்குத்தான் போவாள். வழியில் ஒரு கிண்ணம் மாட்டிறைச்சி நூடுல்ஸை நின்றவாக்கிலேயே உறிஞ்சி முடித்துவிட்டு, வேலையாட்களுக்குச் சூடான சோயாப்பால் வாங்கிக்கொள்வாள். அன்றும் அப்படித்தான் போனாள். ஆனால் பதினோராவது மாடியில் உளிச் சத்தமே இல்லை. குளியலறைச் சுவர் பிளந்து கிடந்தது. குழாய்கள் குடல் சரிந்த மாதிரி வெளியே தொங்கின. வேலையாட்கள் சிமெண்ட் மூட்டைகள்மேல் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஷியாங்யாங் நகரத்தில் புது வீடு வாங்கினால் சுவரும் கூரையும் மட்டும்தான் கைக்கு வரும். தரை, குழாய், மின்சாரம், கதவு எல்லாவற்றையும் வேறொரு கம்பெனியிடம் கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டும். யாச்சின் பிடித்த கம்பெனியின் மேனேஜர் டோங், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம்," என்றான்.

அவன் இப்படித் தொடங்குவது இது மூன்றாவது தடவை. முதலில் மணலை மேலே ஏற்றிய கூலி என்றான், கொடுத்தாள். பிறகு மின்கம்பி கூடுதலாகப் போய்விட்டது என்றான், அதையும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். இப்போது குழாய்ப் பாதையையே மாற்ற வேண்டுமாம். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவர் முழுக்க அடிக்க வேண்டுமாம். இதெல்லாம் பேசிய தொகையில் சேராதாம். இன்னும் எட்டாயிரம் யுவான்.

"சுவத்த உடைக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே?"

"உடைச்சாத்தானக்கா உள்ள என்ன இருக்குன்னு தெரியும்? உங்க மேல இருக்கிற மரியாதைக்குத்தான் இந்த விலை. நான் என் கைக்காச போட்டுப் பண்றேன். பாவம், பெரியவரை இன்னும் எத்தனை நாள் அந்த மாடியிலயே உக்கார வைப்பீங்க?"

எங்கே தட்டினால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. யாச்சினின் மாமனார் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. வசந்தத்துக்குப் பிறகு அவர் தெருவில் கால் வைத்ததே இல்லை. கீழே மரத்தடியில் கூட்டாளிகள் சதுரங்கம் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பார். யாராவது தப்பாகக் காய் நகர்த்தினால் மேலேயிருந்தே திட்டுவார். இந்தப் புத்தாண்டுக்குள் புது வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவரிடம் யாச்சின் சொல்லி வைத்திருந்தாள்.

குவாங்டொங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் கணவனுக்கு ஃபோன் போட்டாள். அவன் பெருமூச்சு விட்டான். கொடுத்துத் தொலை, ஏமாந்துட்டோம்னு வெளியே சொன்னால் நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள் என்றான். யாச்சினுக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. டிப்போவில் யார் கேட்டாலும், பேசின காசுக்கே வேலை ஜோராக நடக்கிறது என்றுதான் அவளும் சொல்லிவந்தாள்.

மறுநாள் பணத்தோடு போனாள். டோங் மேலே இல்லை, ஒன்பதாவது மாடியில் இருப்பதாக வேலையாட்கள் சொன்னார்கள். படி இறங்கினாள். அங்கே அதே கம்பெனியிடம் வேலையைக் கொடுத்திருந்த நிங் டீச்சரின் வீடு திறந்திருந்தது. போன வாரம்தான் அந்த அம்மாள், தங்கள் வீட்டில் ஒரு பைசா கூடுதலாகக் கேட்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

உள்ளேயிருந்து டோங்கின் குரல் வந்தது. "உங்க மேல இருக்கிற மரியாதைக்குத்தான் டீச்சர் இந்த விலை. நான் என் கைக்காச போட்டுப் பண்றேன்."

யாச்சின் வாசலிலேயே நின்றுவிட்டாள். நிங் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டிலும் குளியலறைச் சுவர் அதே இடத்தில் பிளந்திருந்தது.

"இவருக்கு எத்தனை கைதான் இருக்கு டீச்சர்?" என்றாள் யாச்சின். "எங்க வீட்டுக்கும் கைக்காசுதான் போடுறாராம்."

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. டோங் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு நழுவினான். அவன் போனதும் டீச்சர் பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்து அழுதாள். தம்பியிடம் கடன் வாங்கித்தான் இதுவரை கொடுத்ததாகவும், படித்தவளே ஏமாந்தாள் என்று பேசுவார்கள் என்பதால் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னாள்.

யாச்சின் பணத்தைப் பையிலேயே வைத்து ஜிப்பை இழுத்தாள். அங்கேயே ஃபோனை எடுத்து, கட்டடத்தில் வீடு வாங்கியவர்களின் குழுவில் எழுதினாள். நான் இரண்டு தடவை கூடுதல் பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன், வெட்கத்தில் மறைத்துவிட்டேன், வேறு யாருக்காவது இப்படி நடந்ததா என்று கேட்டாள். 'எனக்கும்' என்று முதலில் எழுதியவள் நிங் டீச்சர். அதன் பிறகு மடை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் யாச்சினின் பாதி முடிந்த வீட்டில் கூடினார்கள். ஒருவர் வீட்டில் அடிக்காத பூச்சுக்குக் காசு வாங்கியிருந்தார்கள். இன்னொருவர் வீட்டில் சுவருக்குள் போன கம்பியைவிடக் காசு வாங்கிய கம்பி இரண்டு மடங்கு நீளம். எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரர் கண்முன்னே அளக்க வேண்டும். செய்த வேலைக்கு மட்டும் காசு. இனி விலை எழுதித் தராமல் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது. கம்பெனி மறுத்தால் எல்லோருமாக நுகர்வோர் புகார் அலுவலகத்துக்குப் போவது.

மறுநாள் கம்பெனி அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போனார்கள். முதலாளி ஃபெங் எல்லோருக்கும் தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். பிறகு யாச்சினை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டார். அவளுடைய மிச்ச வேலையைக் கூடுதல் காசு வாங்காமல் பத்தே நாளில் முடித்துக் கொடுப்பதாகவும், புத்தாண்டுக்குப் பெரியவர் புது வீட்டில் இருப்பார் என்றும் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அவங்களோட வராம இருந்தாப் போதும்."

யாச்சினுக்கு ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் முதுகு நினைவுக்கு வந்தது. சரியென்று ஒரு முறை தலையசைத்தால் போதும், அவர் கீழே இறங்கிவிடலாம். தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"என் பஸ்ல ஏறினவங்கள பாதி வழியில இறக்கிவிட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போனதில்லைங்க," என்றாள். "அளக்கிற ஆளை அனுப்புங்க. எல்லா வீட்டுக்கும்."

அந்த வாரமே வேலையாட்கள் வருவது நின்றது. பழிவாங்கல்தான். புத்தாண்டு வந்தது. பழைய வீட்டில்தான் ஜியாவ்ஸிக் கொழுக்கட்டை பிடித்து வேகவைத்தார்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற முடியவில்லை என்று மாமனாரிடம் யாச்சின் எல்லாவற்றையும் சொன்னாள். ஏமாந்த கதையையும் மறைக்கவில்லை. கிழவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"அந்தப் பய காசு கேட்டப்ப என் பேரச் சொன்னானா?"

"சொன்னான் மாமா."

"அப்ப இன்னும் ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல. விட்டுறாத."

அவ்வளவு நாள் ஆகவில்லை. புகார் அலுவலகத்திலிருந்து அளக்க ஆள் வந்ததும் கம்பெனி இறங்கி வந்தது. யாச்சினின் வீட்டில் குழாய்ப் பாதையை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்று தெரிந்தது. பால்கனித் தரையை அவளே உயர்த்தச் சொல்லியிருந்தாள். அதற்கான காசை ஒரு யுவான் குறைக்காமல் கொடுத்தாள். மின்கம்பிக்கு வாங்கியதில் பாதி திரும்பி வந்தது. மணல் கூலி போனது போனதுதான். டோங்கைக் கம்பெனி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. முதலாளி சொல்லாமல் அவன் அதைச் செய்தான் என்று ஒருவரும் நம்பவில்லை.

குளிர் குறைந்த ஒரு காலையில் டிப்போ நண்பர்கள் இரண்டு பேர் கிழவரை நாற்காலியோடு தூக்கி ஆறு மாடியும் இறக்கினார்கள். மரத்தடிக்கு வந்ததும் நாற்காலியை வைக்கச் சொன்னார். ஒரு ஆட்டம் ஆடி, தோற்று, எதிராளியைத் திட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

புது வீட்டு விருந்துக்கு டிப்போவே திரண்டு வந்தது. யாச்சினோடு அதே தடத்தில் பேருந்து ஓட்டும் ஷாவ் அண்ணனுக்கும் அந்த மாதம்தான் வீட்டுச் சாவி கிடைத்திருந்தது. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். விருந்துக்காக ஊருக்கு வந்திருந்த கணவன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். யாச்சின் மொத்தத்தையும் சொன்னாள். அதில் ஏமாந்தது எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

ஷாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "இதையெல்லாம் வெளிய சொல்லிட்டு இருப்பாங்களா யாச்சின்?"

"சொல்லணும்ணே. ஏமாந்தது எனக்கு அவமானம் இல்ல. ஏமாந்தத மறைச்சேன் பாருங்க, அதுதான் தப்பு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதான் அவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான். நீங்க சுவத்துல கைவைக்க விடுறதுக்கு முன்னாடி விலைய எழுதி வாங்குங்க. அதுக்கும் மேல ஒரு காசு கேட்டான்னா, பையத் தொறக்காதீங்க. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க."