விவசாயி மாதிரி

என் கணவருக்கு வேளாண்மை அலுவலகத்தில் 'மாதிரி விவசாயி' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். எழுதியவர்கள் சொற்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது என் கட்சி. விவசாயி மாதிரி என்று இருந்திருக்க வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்த அலுவலகத்து அதிகாரியம்மா வந்து, நிலத்தை உழாதீர்கள், அறுத்த பயிரின் தட்டையை மண்மேலேயே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள், பயிரை மாற்றி மாற்றி விதையுங்கள் என்றார். ஒரு வேலையைச் செய்யாதே என்று இவரிடம் இரண்டாம் முறை சொல்லவே வேண்டியதில்லை. அன்றைக்கே உழவை நிறுத்திவிட்டார்.

பொய் சொல்லக் கூடாது. மண் தேறியது. மழை தள்ளிப்போன வருடத்திலும் பயிர் வாடவில்லை. டிராக்டர் வாடகை மிச்சமானது. அந்த மிச்சத்தில் இவருக்கு ஒரு புதுக் கைபேசியும் கறுப்புக் கண்ணாடியும் வந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விவசாயிகள் கூட்டமாகப் போய்ப் பேசினார்.

ஆனால் உழவில் புரண்டு செத்துக்கொண்டிருந்த களை, இப்போது தட்டையை விலக்கிக்கொண்டு ஜாம் ஜாமென்று வளர்ந்தது. களைக்கொல்லி அடிக்கலாமே என்றேன். அடிக்கவே மாட்டேன் என்று மேடையில் சொல்லிவிட்டாராம், பேச்சு மாறினால் மானம் போய்விடுமாம். அப்படியானால் கையால்தான் எடுக்க வேண்டும். யார் கையால் என்று கேட்கிற அளவுக்கு நீங்கள் வெகுளி இல்லை.

நான் தையல்காரி. பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் ஒன்றுதான் என் கையில் புழங்கிய காசு. களையெடுக்கப் போன முதல் வருடம் துணிகளைச் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விட்டது. சும்மா கிடந்த என் மெஷின்மேல் இவர், கூட்டங்களில் இலவசமாகக் கொடுத்த தொப்பிகளை அடுக்கி வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருடம் அதிகாரியம்மா கணக்கெடுக்க வந்தபோது களைக்கு என்ன செலவு என்று கேட்டார்.

"செலவே இல்ல மேடம். வீட்டுலயே பாத்துக்கறோம்."

பாத்துக்கறோமாம். அந்த 'றோம்' என்பதில் இவர் எந்த மூலையில் இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறையும் தாமதமானால் இனிமேல் உங்களைக் கேட்கவே மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். தொப்பிகளை இவர் கட்டிலில் கொட்டிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். பார்த்தால், அதே வாரம் வெளியூர்க் குழு ஒன்று நிலத்தைப் பார்க்க வருகிறதாம். களையோ முழங்கால் உயரம்.

"ரெண்டு நாள் வேலைதானே. தையலை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"கூலி குடுத்தா வரேன்."

சிரித்தார். "சொந்த நிலத்துக்குக் கூலியா?"

"நிலம் உங்க பேர்ல இருக்கு. களை மட்டும் என் பேர்லயா?"

வெளியே ஆள் பிடிக்கப் போனவர், கூலியைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினார். தானே குனிந்து எடுக்கலாம் என்ற யோசனை அந்த மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதிகாரியம்மாவோடு குழு வந்தது. களையெடுப்பு நாளை முதல் ஆரம்பம் என்று இவர் கூசாமல் அளந்தார். வந்தவர்களில் ஒருவர், களையெடுக்கும் கருவியோடு நில்லுங்கள், படம் பிடிக்கிறோம் என்றார். வரப்பை ஒட்டித்தான் எங்கள் வீடு. உள்ளே ஓடி வந்தார்.

"அது எங்க இருக்கு? அந்த, களை எடுக்கறது?"

பெயர்கூடத் தெரியவில்லை, மாதிரி விவசாயிக்கு. நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. கொட்டகையைக் குடைந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவர் பூசியபோது விட்டுப்போன கொத்தனார் கரண்டி. அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டி நின்றார்.

அதிகாரியம்மா படம் பிடிக்கும்வரை நிற்கவில்லை. உள்ளே என்னிடம் வந்து, களைக்கொத்து எங்கே என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்ததைக் காட்டினேன். தேய்ந்த பிடியைத் தடவிப் பார்த்தார். ஒரு பருவத்துக்கு எத்தனை நாள் எடுப்பேன் என்று கேட்டார். சொன்னேன். வெளியாளுக்கு என்ன கூலி என்றார். அதையும் சொன்னேன். பெருக்கிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, முகம் மாறிவிட்டது. அது டிராக்டர் வாடகையைவிட அதிகம்.

"அப்போ மிச்சம்னு நாங்க எழுதினது?"

"அது என் தையல் காசு மேடம்."

அவர் வெளியே போய் இவரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. வண்டி கிளம்பியபின் இவர் வாசலில் வந்து நின்றார். கையில் இன்னும் கரண்டி.

"என்ன கூலி கேக்கற?"

"இப்ப இந்த ஆளுக்கு நேரம் இல்ல. சீருடை முடியணும்."

எழுந்துபோய்க் களைக்கொத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு விவசாயிதான்.