கண் உயரம்

"எந்த உயரத்துல கட்டணும், சொல்லுங்கம்மா" என்று ஏணியில் நின்றவர் கேட்டதும் அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூடம் முழுக்க மூக்குக்கண்ணாடிகள். ஊர்ப் பெண்கள் மறைந்த தங்கள் அம்மாக்களுடையதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். இவற்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டுக் கண்காட்சி அமைக்கும் சிற்பியம்மா வைத்தது ஒரே நிபந்தனை: அம்மா நிமிர்ந்து நின்றால் கண் எங்கே வருமோ, கண்ணாடி அங்கே தொங்க வேண்டும். இவர்களுடைய அம்மா முப்பது வருடம் தட்டச்சு மேசையில் இருந்தவள். வீட்டுக்கு வந்தாலும் யாராவது ஒரு மனுவோடு காத்திருப்பார்கள், மறுபடி உட்கார்ந்துவிடுவாள். நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

"மேசை உயரத்துலயே கட்டச் சொல்லலாமே அக்கா. அப்படித்தானே அவளைத் தெரியும்."

"உட்கார்ந்தது போதும்டி. இங்கயாவது நிக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்த உயரம் எவ்வளவு என்று அக்காளுக்குத் தெரியவில்லை. பேருந்து ஓட்டுநர் அவள்; முட்டுச்சந்துக்குள் திருப்பச் சொன்னாலும் அசராமல் திருப்புகிறவள்தான். ஆனால் இதில் நாலு விரற்கடை தப்பினாலும் அம்மா இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நிற்பாள்.

பேருந்து என்றதும்தான் பொறி தட்டியது. வேலை முடிந்து மாலையில் அம்மாவோடு பேருந்து நெரிசலில் நின்றபடி வருவாள். மேல்கம்பி அம்மாவுக்கு எட்டாது. "கம்பி எதுக்கு, நீதான் பனைமரமாட்டம் வளர்ந்திருக்கியே" என்று மகளின் தோளைப் பிடித்துக்கொள்வாள். பேசும்போது அம்மாவின் மூச்சு கீழிறங்கி, மகளின் தொண்டைக்குழிக்குக் கீழே சட்டைப் பொத்தானில் படும். கண் அதற்கு ஒரு சாண் மேலே.

அக்காள் தன் பொத்தானிலிருந்து ஒரு சாண் அளந்து காட்டினாள். "இங்க. என் உதட்டு நேரா."

தங்கை ஏணியில் நின்றவருக்குக் கை காட்டினாள். கண்ணாடி இறங்கி, ஆடி, நின்றது.

விளக்குகளைப் போட்டார்கள். குட்டையும் நெட்டையுமாக முந்நூறு பெண்கள், ஆளுக்கொரு உயரத்தில், எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பார்க்கும்போது அக்காளுக்குத் தலை குனியத் தோன்றவில்லை, நிமிரத்தான் தோன்றியது.

மெல்ல அம்மாவின் எதிரே போய் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மூச்சுத்தான் வந்தது. கண்ணாடியில் பனி படர்ந்தது. அது விலகும்வரை இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.