மாலை ஆறு மணிக்குள்

அறுபத்து மூன்றாவது வேலை விண்ணப்பத்துக்கும் 'படிக்கப்படவில்லை' என்றே காட்டியது. துஷிக் பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். அதேதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். திறந்தே பார்க்காதவனிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? தென்கொரியாவின் சாங்வோன் நகரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் இருந்து, தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவரானவர் அவர். ஆலையை மூடி எட்டு மாதமாகிறது. எந்த வேலைவாய்ப்பு இணையதளத்துக்குப் போனாலும் முதலில் பிறந்த ஆண்டைக் கேட்டது. 1971ஐத் தேடிப் பட்டியலைக் கீழே இழுக்க இழுக்க, கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருந்தது.

மனைவி ஜோங்னானுக்கு ஒரு விண்ணப்பம் போட்டதும் அவர்தான். மருத்துவமனைச் சமையலறையில் மேற்பார்வையாளர் வேலை. சந்தையை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் பதினைந்து வருடமாகக் கிம்ச்சி ஊறுகாய் கலப்பவள் அவள். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு? முள்ளங்கி நறுக்கத் தெரியும்னு போடுங்க" என்று சிரித்தாள். அவரும் விளையாட்டாகத் தட்டிவிட்டார்: 'ஒரே நாளில் முந்நூறு பேருக்குச் சமைத்திருக்கிறேன். ஒருவரும் உப்புக் கேட்டதில்லை.' ஐந்து நிமிட வேலை. தன்னுடையதை அவர் பதினேழு முறை திருத்தியிருந்தார்.

இன்று மதியம் அவர் அவளுடைய கணக்கைத் திறந்தபோது செய்தி காத்திருந்தது. நேர்காணலுக்குத் தேர்வாகியிருக்கிறாள், மாலை ஆறு மணிக்குள் உறுதிசெய்ய வேண்டும். கீழே இரண்டு பொத்தான்கள். 'வருகிறேன்', 'வரவில்லை'.

அவர் எதையும் அமுக்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினார். வந்து மறுபடி படித்தார். அந்த உப்பு வரியை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்! கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு காலையில் அவள் கிளம்புவதும், வாசல்வரை வந்து தான் வழியனுப்புவதும் கண்ணுக்குள் ஓடின. 'வரவில்லை' மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். பொத்தான் நிறம் மாறியது. கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கொண்டுபோனார்.

ஐந்தரைக்கு ஜோங்னான் கானாங்கெளுத்தி மீனோடு வந்தாள்.

"ஏங்க, ஏதாச்சும் வந்துச்சா?"

"யாருக்கு?"

"இதென்ன கேள்வி? உங்களுக்குத்தான்." மீனைத் தொட்டியில் போட்டுச் சுரண்டத் தொடங்கினாள். "உங்ககிட்ட வேலை பார்த்த காங் இல்ல, அவரைச் சந்தையில பாத்தேன். எங்க வீட்டுக்காரருக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கன்னேன்."

"அவன்கிட்டயா? எனக்காக ஊரெல்லாம் கையேந்தச் சொல்லி உன்கிட்ட யாரு கேட்டா?"

"கையேந்தலீங்க. கேட்டேன், அவ்வளவுதான். நீங்க சும்மா உக்காந்திருக்கறவரா? எனக்கென்ன வெக்கம்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த முதுகைப் பார்த்தபடி அவர் கணினிமுன் உட்கார்ந்திருந்தார். கணினியில் மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

"உனக்கு வந்திருக்கு" என்றார்.

"என்ன வந்திருக்கு?"

"நேர்காணல். அந்த ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். மத்தியானமே வந்துச்சு."

கத்தி நின்றது.

"மத்தியானமேவா?"

அவர் தலையசைத்தார். ஜோங்னான் கையை உதறிக்கொண்டு வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். மீன் வாடை அடித்தது.

"எங்க அமுக்கணும்?"

"நான் அமுக்கறேன்."

"இல்ல. காட்டுங்க, நானே அமுக்கறேன்."

அவர் எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து, எந்தப் பொத்தான் என்று அவர் விரல் காட்ட, அமுக்கினாள். நன்றி என்று ஒரு வரி வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. உதடுகள் அசைய, தன்னைப் பற்றி எழுதியிருந்ததை முதலிலிருந்து படித்தாள். சிரிக்கவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. படித்து முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மவுஸின் மேல் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. திரை வெளிச்சத்தில் அது மினுங்கிக்கொண்டிருந்தது. துஷிக் அதைத் துடைக்கவில்லை; அந்த நாற்காலியில் உட்காரவும் இல்லை.