பள்ளத்தாக்கு முதல், மலை பிறகு

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் கடற்கரை. அந்த மண்ணில் பதினொரு வருடம் பெண்பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவள் நான். காற்று மலையில் முட்டி மேலே ஏறும், ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் கொட்டும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். மலையையே காணாத பிள்ளைகள் மலையையே காணாத ரீச்சரிடம் படித்து நல்ல மார்க்ஸ் எடுத்தார்கள். அந்தப் படிப்பு கனடாவில் எனக்குச் சோறு போடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பிறம்ரனில் அருள்நாயகத்தின் ட்ரக் கொம்பனியில் எனக்கு வேலை. ஒன்பது ட்ரக். ரொறன்ரோவில் இருந்து வன்கூவருக்குச் சாமான் ஏற்றிப் போவதும் வருவதும். ஓடுகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள். ஒரு ட்ரக்கில் இரண்டு பேர். ஒருவர் ஓட மற்றவர் பின்னால் படுத்திருப்பார். ரோட்டுப் பலகை வாசிக்க அவர்களுடைய ஆங்கிலம் போதும். ரேடியோவில் வெள்ளைக்காரன் மூச்சு விடாமல் சொல்லும் வானிலை மட்டும் பிடிபடாது.

அதற்கு நான் ஒரு ஒழுங்கு செய்தேன். குளிர்காலம் முழுக்க, காலை ஆறு மணிக்கு, பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பகுதிக்கும் பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கும் உரிய வானிலை அறிவிப்பு ஃபக்ஸில் வரும். அதைத் தமிழில் எழுதி, ஒபீஸில் இருந்த ஆன்ஸரிங் மெஷினில் பேசிப் பதிவேன். பொடியள் வழியில் போன் பூத்தில் இருந்து அந்த நம்பருக்கு எடுத்தால் என் குரல் கேட்கும். மொத்தம் இரண்டு நிமிடம். முதல் நாள் "ரோஜர்ஸ் கணவாய்" என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ரீச்சர், இண்டைக்குக் கணவாய்க் கறியோ" என்று நாலு பேர் கேட்டார்கள். கடலில் பிடிக்கும் கணவாய் இல்லை, மலைக்கு நடுவே போகும் வழிக்கும் பெயர் அதுதான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளங்கப்படுத்தினேன்.

தொடக்கத்தில் மலையைத்தான் முதலில் சொல்வேன். ஆபத்து எங்கே இருக்கிறதோ அதை முதலில் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள் "பனிச்சரிவு அபாயம்" என்று தொடங்கிப் பதிந்தேன். அன்றைக்கு சீமோன் என்ற டிரைவர் ட்ரக்கைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விட்டான். விட்ட இடம் ஒன்ராறியோ. மலை அங்கிருந்து இரண்டு நாள் ஓட்டம். ஆளுக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஆனாலும் அடுத்த நாள் அருள்நாயகம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல மனுசன், கோபம் வந்தாலும் குரலை உயர்த்தமாட்டார். அதுதான் அவரோடு உள்ள கரைச்சல்.

"ரீச்சர், விடியக்காலமை பயணம் வெளிக்கிடுறவனுக்கு முதல் சொல்லு அபாயம் எண்டோ சொல்லுறது?"

"அபாயம் எண்டால் அபாயம் எண்டுதானே அண்ணை சொல்லவேணும்."

"சொல்லவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வெளிக்கிடுறவனை நாங்கள் பின்னாலை கூப்பிடமாட்டம், எங்கை போறாய் எண்டும் கேக்கமாட்டம். உங்களுக்குத் தெரியாததே? நல்லதை முதல் சொல்லுங்கோ. மற்றதைப் பிறகு சொல்லுங்கோ."

ஒரு நாள் முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். அடுத்த நாள் மாற்றினேன். பள்ளத்தாக்கு முதல், மலை பிறகு. பள்ளத்தாக்கில் எப்போதும் ஏதாவது நல்ல செய்தி இருக்கும்; கொஞ்ச மழை, கொஞ்ச மேகம், பூச்சியத்துக்கு மேலே ஒரு பாகை. அந்தக் குளிர்காலம் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ரீச்சரின் குரல் ராசியான குரல் என்று கதை கட்டிவிட்டார்கள். வன்கூவரில் இருந்து எனக்கு அப்பிள் பெட்டி வந்தது. புது ட்ரக் எடுத்தபோது முதல் சாவி போட என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. பார்க்டேலில் ஒற்றை அறையில் தனியாக இருக்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரியை இந்த ஊரில் வேறு யார் ராசி என்று சொல்லப்போகிறார்கள்? படித்தவள் என்ற எடுப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அதைவிட வெட்கம் இன்னொன்று இருக்கிறது. பொடியள் என்னிடமே சொன்னார்கள். "ரீச்சர், பூத்துக்குள்ளை நிண்டு முழுக்கக் கேக்கேலாது, காது விறைக்குது. பள்ளத்தாக்கு முடிய போனை வைச்சிடுவம்." நான் சிரித்துக்கொண்டு, "அதுக்குப் பிறகுதானடா விஷயமே இருக்கு" என்பேன். அவர்களும் சிரிப்பார்கள். ஒழுங்கைத் திருப்பிப் போட அரை நிமிடம் போதும். போடவில்லை.

அன்புராசா அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாத ஆள். முப்பத்தெட்டு வயது. மனைவி துர்க்காவும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மகள் பிறக்க முதலே இவன் வெளிக்கிட்டுவிட்டான். பிள்ளைக்கு ஆறு வயது, இவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கடைசியில் அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் சரிவந்தது. தை மாதம் ஒரு சனிக்கிழமை பிளேனால் இறங்குவார்கள் என்று தேதியும் வந்தது. அந்தக் கிழமை லீவு தாருங்கள் என்று கேட்டான். ஆள் இல்லை, ஒரு ஓட்டம் போய்வா, வெள்ளிக்கிழமை இஞ்சை நிற்பாய் என்றார் அருள்நாயகம். கணக்குப் பார்த்தால் சரிதான். வழியில் ஒரு நாள் கூட நிற்காமல் ஓடினால் வெள்ளி இரவு பிறம்ரனுக்கு வந்துவிடலாம்.

புதன்கிழமை காலை, அவனும் அவனோடு ஓடிய கிருபனும் வன்கூவரில் இருந்து திரும்பி, மலையடிவாரத்து ரெவல்ஸ்ரோக்கில் நின்றார்கள். எனக்கு அது தெரியும். ஃபக்ஸ் வந்தது. நான் எழுதிய தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

"ரெவல்ஸ்ரோக் பள்ளத்தாக்கு: மழையும் பனியும் கலந்து பெய்யும். வெப்பநிலை ஒரு பாகை. காற்று குறைவு. ஒக்கனாகன் பள்ளத்தாக்கு: மேகமூட்டம், மாலையில் தெளிவு. ரோஜர்ஸ் கணவாய்: கடும் பனிப்புயல். மாலைக்குள் அறுபது சென்ரிமீற்றர் பனி. காற்று எண்பது கிலோமீற்றர். பனிச்சரிவு அபாயம் மிக அதிகம். பயணத்தைத் தள்ளிப்போடவும்."

பதிய முதல் கை நின்றது. இன்றைக்கு மலையை முதலில் சொல்வோமா என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு, மூன்று நாளில் பெண்சாதி பிள்ளையைப் பார்க்கப்போகிறவனுக்கு விடியக்காலை முதல் சொல்லாக அபாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளத்தாக்கில் தொடங்கினேன். குரலையும் கொஞ்சம் சந்தோஷமாக வைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குப் பொலிஸ் போன் எடுத்தது. ரோட்டை மூட முதல் ஏறியிருக்கிறார்கள். முன்னால் ஒன்றும் தெரியாத பனிக்குள் ஒரு வளைவில் ட்ரக் வழுக்கிக் கீழே போய்விட்டது. பின்னால் படுத்திருந்த கிருபனுக்குக் கால் முறிவு. அன்புராசா அந்த இடத்திலேயே போய்விட்டான்.

அன்று பின்னேரம் அருள்நாயகம் கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் பேசினார். கண் சிவந்திருந்தது. குரல் வழக்கம்போல.

"கொழும்புக்கு ஒருத்தரும் போன் எடுக்கக்கூடாது. ஸ்பொன்சர் பண்ணினவன் இல்லையெண்டால் அந்தக் கடதாசி செல்லாது. அந்தப் பிள்ளை துர்க்கா வெள்ளிக்கிழமை பிளேன் ஏறட்டும். இஞ்சை இறங்கட்டும், இமிகிரேஷன்காரன் லாண்டிங் பேப்பரிலை முத்திரை குத்தட்டும். தெரியாமல் வந்தால் அவளிலை பிழையில்லை. அதுக்குப் பிறகு சொல்லுவம்."

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அவர் சொன்னது சட்டப்படி சரியோ தெரியாது, மனிதத்தன்மைப்படியும் சரியோ தெரியாது, ஆனால் அந்த லொட்ஜில் இன்னொரு ஆறு வருடம் இருப்பதை விட அது நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நல்லது முதல், மற்றது பிறகு. வியாழக்கிழமை துர்க்கா ஒபீஸுக்கு எடுத்தாள். அன்புராசா வழியில் நிற்கிறான், அங்கே போன் இல்லை என்று அருள்நாயகமே சொன்னார்.

அதே வியாழக்கிழமை கிருபன் ஆஸ்பத்திரியில் இருந்து எனக்கு எடுத்தான்.

"ரீச்சர், அன்புராசா அண்ணைதான் பூத்துக்குப் போனவர். கெதியா வந்திட்டார். வெறும் மழைதானாம், வெளிக்கிடுவம் எண்டார். மலையைப் பற்றி என்னவாம் எண்டு நான் கேட்டன். ரீச்சர் நல்ல சந்தோஷமாக் கதைக்கிறா, ஒண்டும் இல்லை எண்டு சொன்னவர்."

புதன்கிழமைத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"நான் இதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் ரீச்சர்" என்றான் கிருபன். சொல்லு என்று நான் சொல்லவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டேன். ஒபீஸில் அதற்குள் பேச்சு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. அருள்நாயகம் ஆன்ஸரிங் மெஷினில் இருந்த புதன்கிழமை ரேப்பை எடுத்து வைத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார். "ரீச்சர் ஒவ்வொண்டாச் சொல்லித்தானே இருக்கிறா. அவன்தான் பொறுக்கேல்லை" என்று எல்லோருக்கும் சொன்னார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார் போல.

சனிக்கிழமை எயார்போர்ட்டுக்கு என்னை அனுப்பினார்கள். பொம்பிளை, படித்தவள், பக்குவமாகச் சொல்வாளாம். சுகமில்லை, ஆஸ்பத்திரியில் என்று முதலில் சொல்ல வேண்டும், வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுக்க வேண்டும், பெண்கள் நாலு பேர் வந்தபிறகு சொல்ல வேண்டும். எல்லாம் வரிசைப்படி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது முடிவெடுத்தேன், மலையைத்தான் முதலில் சொல்வேன் என்று. இந்த ஒரு தரமாவது.

துர்க்கா சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மெல்லிய ஆள். பிள்ளை வண்டிக்கு மேலே சூட்கேஸில் இருந்தது. துர்க்காவின் கண் கூட்டத்தில் ஒவ்வொரு ஆம்பிளையாகத் தேடியது. நான் கிட்டப் போய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு சொன்னேன்.

"பிள்ளை, அன்புராசா செத்துப்போனார். மலையிலை அக்சிடென்ட்."

அவள் அழவில்லை. வண்டியின் கைபிடியை விடவும் இல்லை.

"எப்ப?"

"புதன்கிழமை."

"நான் வெள்ளிக்கிழமைதானே ஏறினனான்."

"ஓம்."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம்."

கையில் இருந்த லாண்டிங் பேப்பரைப் பார்த்தாள். "உள்ளுக்கை ஒரு பொம்பிளை கேட்டவ, ஆர் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கினம் எண்டு. என்ரை மனுசன் எண்டு சொன்னன். சிரிச்சுக்கொண்டு சொன்னன்." அதைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் உடைந்தது. பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். பிள்ளை ஒன்றும் விளங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கனநேரத்துக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கள்தானே அந்த ரீச்சர்? போனிலை சொல்லுவார். ரீச்சரின்ர குரலைக் கேளாமல் மலை ஏறமாட்டன், நீ பயப்பிடாதை எண்டு." பிறகு கேட்டாள். "அண்டைக்கு மலையைப் பற்றி நீங்கள் சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"என்னண்டு?"

"அறுபது சென்ரிமீற்றர் பனி, அபாயம், பயணத்தைத் தள்ளிப்போடுங்கோ எண்டு."

ஒரு சொல்லும் பொய்யில்லை. ரேப்பில் இருக்கிறது.

துர்க்கா தலையை ஆட்டினாள். "அப்ப தெரிஞ்சுகொண்டுதான் ஏறியிருக்கிறார். எங்களைப் பாக்கிற அவசரத்திலை."

இல்லையம்மா, பாதியில் போனை வைத்துவிட்டார், அந்தப் பாதியை முதலில் வைத்தவள் நான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன்.

"கார் வெளியிலை நிக்குது" என்றேன்.

எயார்போர்ட்டில் வைத்தே உடைத்துச் சொல்லிவிட்டேன் என்று என்னை ஒரு மாதம் திட்டினார்கள். இரக்கமில்லாதவள், கல் மனம் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வியாழக்கிழமையில் இருந்தே மலையை முதலில் பதிகிறேன். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அருள்நாயகம் கூட. ராசி என்றும் யாரும் இப்போது சொல்வதில்லை.

துர்க்கா யூனியன்வில்லில் ஒரு பேஸ்மென்ட்டில் இருக்கிறாள், பேக்கரியில் வேலை. அன்புராசாவின் இரண்டாம் வருடத் திவசத்துக்குப் போனேன். எனக்குத்தான் முதலில் சாப்பாடு போட்டாள். "ரீச்சர் அவ்வளவு சொல்லியும் இவர் கேக்கேல்லையே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் ஒவ்வொரு முறையும் சாப்பிடுகிறேன்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. தண்ணீர்க் கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் நின்றாள்.

"ரீச்சர் அன்ரி, நாங்கள் next week பிளேன்ல வந்திருந்தா அப்பா அவசரப்படாம நிண்டிருப்பார், right? We came too early, இல்லையோ?"

துர்க்கா குசினி வாசலில் கரண்டியோடு நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது பிள்ளை" என்றேன்.