ஈரத்துணியால் துடைத்த கோடு

வக்கீல் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படித்தால் சட்டம் மாறிவிடுமா? என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் படிப்பேன். அவர் முகத்தில் நல்ல சேதி இல்லை.

எங்களுடையது ஷூ பட்டறை. தோல் வெட்டும் மெஷினை ஓட்டுவது, என் மகள் இணையத்திலிருந்து இறக்கிய இலவச மென்பொருள். தோலில் தழும்பைக் கண்டால் அது அந்த இடத்தையே ஒதுக்கிவிடும். பாதித் தோல் குப்பைக்குப் போகும். நான் அப்படி வெட்டுகிறவனில்லை. தழும்பு, ஷூவின் அடியில் மடிந்து மறைகிற ஓரத்தில் விழும்படி அச்சைத் திருப்பிப் போடுவேன். அந்த வித்தையை மகள் மென்பொருளில் சேர்த்து எழுதினாள். எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டுவிட்டாள். இலவச மென்பொருள் எழுதுகிற கூட்டத்தின் வழக்கமாம். மெஷின் விற்கிற பெரிய கம்பெனிக்காரன் பார்த்துவிட்டான். அந்த முறைக்கு ஆறு வருடம் முன்பே காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறானாம். நிறுத்து, இல்லாவிட்டால் வழக்கு என்று கடிதம்.

"சும்மா குடுத்ததுதானே சார், இதுல என்ன திருட்டு?"

"எழுதுனவங்க, அவங்க எழுதுனதுக்குத்தான்யா அனுமதி குடுத்திருக்காங்க. உங்க பொண்ணு சேத்ததுக்கு யாரு குடுத்தா?"

"நான் குடுத்தேன். முப்பத்தஞ்சு வருஷமா என் கை செய்யற வேலை."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் பதியறதுக்கு முன்னாடியே இது வெளியில தெரியும்னு காட்டிட்டா அவன் பாடு திண்டாட்டம். படம், போட்டோ, உங்ககிட்ட கத்துக்கிட்ட ஆளு, ஏதாவது இருக்கா?"

 பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் முந்திக்கொண்டாள்.

"எங்க இருக்கும் சார்? சாக்பீஸ்ல கோடு போடுவாரு, வெட்டுவாரு, ஆளுங்க வர்றதுக்குள்ள மிச்சக் கோட்டை ஈரத்துணியால துடைச்சிடுவாரு. எனக்கே போன வருஷம்தான் சொன்னாரு. அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு."

"எதிர்ப் பட்டறை நரி எட்டிப் பாப்பான்ல."

"நரி மாமா பாத்திருந்தா இன்னைக்கு நமக்குச் சாட்சிப்பா."

பெற்ற பெண்ணாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பட்டறைக்கு வந்ததும் தான் சேர்த்ததையெல்லாம் அவள் நீக்கினாள். மெஷின் பழைய புத்திக்குத் திரும்பியது. வெட்டாமல் விட்ட துண்டுகள் முழங்கால் உயரம் குவிந்தன. பள்ளிக்கூட ஆர்டருக்கு இருக்கிற தோல் பத்தாது; கையால் வெட்ட நாளும் இல்லை.

"மீதி ஜோடிய எதிர்ப் பட்டறைக்குத்தான் விடணும்," என்றாள்.

என் வித்தைக்கு எவனோ வேலி போட்டான். வேலிக்குக் கல் சுமந்து கொடுத்தவன் நான்.

"தோலை இழுத்துப் பாத்து எந்தப் பக்கம் தளரும்னு பிரிப்பேன். அதை எவனாவது பதிஞ்சிருக்கானா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"இன்னும் மூணு இருக்கு."

சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஷட்டரை இறக்கி, பட்டப்பகலில் அதன் மேல் அந்த வித்தைகளை வரைந்தேன். கீழே தேதி போட்டேன். நரி வெளியே வந்து நின்றான்.

"என்னண்ணே, ஈரத்துணி தொலைஞ்சுபோச்சா?"

"வாயை மூடிட்டுப் படம் எடுடா. தேதி தெரியற மாதிரி எடு."